அதிகாரமும் பொதுவுடைமையும்: பீட்டர் குரோபோட்கினின் வாழ்வை முன்வைத்து

முன்னுரை

முதலாளித்துவம் வீழ்ந்த பின்னர் அமையவேண்டிய சமுதாயம் எத்தகையது என்னும் வினாவில், மார்க்சியர்க்கும் அரசின்மைப் பொதுவுடைமையர்க்கும் இடையே இருந்த வேறுபாடு சிறிது. நிலமும் சுரங்கமும் ஆலையும் பொதுவாதல், கூலிமுறை ஒழிதல், அவரவர் தேவைக்கேற்பப் பெறுதல், முடிவில் அரசு என்னும் அமைப்பே வேண்டாததாதல் ஆகியவற்றை இரு சாராரும் ஏற்றனர். பிளவு வழியில் நேர்ந்தது. அரசதிகாரத்தைக் கைப்பற்றி, அதனைக் கருவியாகக் கொண்டு பொதுவுடைமைக்கு அடியிட வேண்டும், பணி முடிந்ததும் அக்கருவி தானே உதிர்ந்துவிடும் என்பது ஒரு சாரார் நிலை. அதிகாரத்தைக் கையில் எடுத்தவர் அதனைக் கீழே வைத்ததாக வரலாறு இல்லை என்பது மறுசாரார் நிலை.

இவ்விரண்டாம் நிலைக்கு விரிவான கோட்பாட்டு வடிவம் தந்தவருள் தலையாயவர் பீட்டர் குரோபோட்கின் (1842-1921). ரஷ்யப் பிரபுக்குலத்தில் பிறந்து, பேரரசரின் அருகிருந்து, புவியியல் அறிஞராகப் புகழ்பெற்று, சிறைப்பட்டு, நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அயல்நாடுகளில் வாழ்ந்து, தாம் கனவு கண்ட புரட்சியின் நடுவே மறைந்தவர் அவர். அவருடைய நிலைப்பாடு நூற்கல்வியால் மட்டும் உருவானதன்று. அதிகாரத்தை உள்ளிருந்து இயக்கிப் பார்த்த ஓர் இளம் அலுவலரின் பட்டறிவு அதன் அடித்தளமாக உள்ளது. அவ்வகையில் நோக்கும்போதே அவர் கோட்பாட்டின் வலிமையும் அதிலுள்ள இடைவெளியும் ஒருங்கே புலனாகின்றன.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு இங்கு வேண்டப்படுகிறது. தமிழில் அராஜகம் என்னும் சொல் மன்னன் இல்லா நாட்டின் சீர்குலைவையே குறித்து வழங்கிவருகிறது. மன்னனை உலகின் உயிராகக் கண்ட புறநானூற்று மரபில் அப்பொருள் நிலைபெற்றதில் வியப்பில்லை. குரோபோட்கின் கருதியதோ ஒழுங்கின்மை அன்று. மேலிருந்து விதிக்கப்படாத ஒழுங்கு. ஆகவே இக்கட்டுரையில் அரசின்மை என்னும் சொல்லே ஆளப்படுகிறது.

பண்ணையும் அரண்மனையும்

குரோபோட்கின் 1842 டிசம்பரில் மாஸ்கோவில் பிறந்தார். தந்தை அலெக்ஸி குரோபோட்கின் படைத்துறை அலுவலர். மூன்று மாகாணங்களில் ஏறத்தாழ 1,200 பண்ணையடிமைகளுக்கு உரிமையாளர். இத்தொகை ஆண்களை மட்டுமே எண்ணியது. பெண்களும் குழந்தைகளும் அக்காலக் கணக்கேட்டில் ஆள்களாக இடம்பெறவில்லை. தாய் எகத்தெரீனா, குரோபோட்கின் நான்கு வயது நிரம்புமுன்னரே காசநோயால் இறந்தார். பின்னர் அவரையும் தமையன் அலெக்சாந்தரையும் அன்பு காட்டி வளர்த்தவர்கள் வீட்டுப் பணியாளர்களே. தாயின் நற்குணத்தை நினைந்து, தாயற்ற பிள்ளைகளை அவ்வடிமைகள் காத்தனர் என்பதை முதுமையிலும் அவர் மறக்கவில்லை.

1899இல் நூலாக வெளிவந்த அவருடைய தன்வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி நீங்கா இடம் பெறுகிறது. தட்டுகள் உடைந்த ஒரு சிறு குற்றத்திலிருந்து மூண்ட தந்தையின் சினம், மக்கார் என்னும் பணியாளர்மீது விழுந்தது. ஒரு துண்டுக் கடிதத்துடன் அவர் காவல் நிலையத்திற்கு அனுப்பப்பட்டு நூறு பிரம்படி பெற்றுத் திரும்பினார். இருண்ட நடையில் காத்திருந்த சிறுவன் அவர் கையை முத்தமிட முயன்றான். அவர் கையை விலக்கிக்கொண்டு, வளர்ந்தபின் அவனும் தந்தையைப் போலத்தானே ஆவான் என்று கேட்டார். மாட்டேன் என்று சிறுவன் மறுத்தான். அடித்தவர் தந்தை அல்லர், காவலர் என்பது இந்நிகழ்ச்சியில் கருதத்தக்கது. உடைமையாளரின் கடிதம் ஒன்றே அரசின் பிரம்பை எழுப்பப் போதுமானதாயிருந்தது. உடைமையும் அரசும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்று பின்னாளில் அவர் எழுதியவற்றுக்கெல்லாம் வித்து இங்குக் கிடக்கிறது.

1857இல் புனித பீட்டர்ஸ்பர்க்கிலிருந்த அரண்மனைப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். முதல் மாணவராகத் தேறியதால் 1861இல் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரின் தனி ஏவலராகும் வாய்ப்புக் கிட்டியது. பண்ணையடிமை முறை அவ்வாண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டமையால், தொடக்கத்தில் பேரரசர்மீது அவர் பெருமதிப்புக் கொண்டிருந்தார். ஓராண்டு அருகிருந்து பார்த்தபின் அம்மதிப்புத் தேய்ந்தது. அரண்மனையின் வழக்காறுகளும் ஐயங்களும் நடுவே நிற்கும் ஒருவர் எவ்வளவு நல்லெண்ணம் உடையவராயினும் தளையுண்டவரே என அவர் உணர்ந்தார்.

சைபீரியா: ஆட்சியின் உள்ளிடம்

1862இல் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் தமக்கு விருப்பமான படைப்பிரிவைத் தேர்ந்துகொள்ளலாம். தலைநகரின் உயர்பிரிவுகள் காத்திருக்க, குரோபோட்கின் அமூர் ஆற்றங்கரையின் கோசாக்குப் படையைத் தேர்ந்தார். தோழர்கள் நகைத்தனர், தந்தை சினந்தார். புதிதாக இணைக்கப்பட்ட அந்நிலப்பகுதியில் சீர்திருத்தப் பணி செய்ய இடமிருக்கும் என்பது பத்தொன்பது வயது இளைஞரின் நம்பிக்கை.

நம்பிக்கை முற்றும் பொய்க்கவில்லை. சித்தாவில் ஆளுநர் பொறுப்பிலிருந்த ஜெனரல் குகேல் தாராளச் சிந்தனையுடையவர். சிறை, நாடுகடத்தல் முறைகளைத் திருத்தவும், நகரத் தன்னாட்சிக்குத் திட்டம் வகுக்கவும் இரு குழுக்கள் அமைந்தன. இரண்டிலும் குரோபோட்கின் செயலராகப் பணியாற்றினார். அயல்நாட்டுச் சட்டங்களைப் படித்து, நேரில் கண்டவற்றைத் தொகுத்து அறிக்கைகள் எழுதினார். 1863இல் போலந்தில் எழுச்சி வெடித்ததும் தலைநகரின் காற்றுத் திசைமாறியது. குகேல் நீக்கப்பட்டார். அறிக்கைகள் கோப்பறையில் உறங்கின.

இக்காலத்து நிகழ்ச்சி ஒன்று தனித்து நோக்கத்தக்கது. ஒரு மாவட்டத் தலைவர் உழவர்களைக் கொள்ளையிட்டும் கசையடித்தும் வந்தார். அவரைப் பற்றி உசாவும் பணி குரோபோட்கினிடம் ஒப்படைக்கப்பட்டது. அஞ்சியிருந்த மக்களின் நம்பிக்கையைப் பெற்று, வாக்குமூலங்களைத் திரட்டி, அவரைப் பதவியிழக்கச் செய்வதில் வெற்றியும் கண்டார். சில காலத்திற்குப் பின்னர் அதே மனிதர் கம்சத்காவில் உயர்பதவி பெற்றதை அறிந்தார். அங்கோ கேட்பாரற்ற பழங்குடிகள் மட்டுமே இருந்தனர். தீய அலுவலரை நல்ல அலுவலர் வெல்லலாம். ஆனால் தீய அலுவலருக்கு இடமளிக்கும் அமைப்பு அவ்வெற்றியை எளிதில் செரித்துவிடும் என்பதை எந்தத் தத்துவ நூலும் இவ்வளவு தெளிவாக அவர்க்குக் கற்பித்திராது.

மறுபுறம், அரசின் கையெட்டாத இடங்களில் மனிதர் வாழும் முறையையும் அவர் கண்டார். அமூர்க் கரையில் குடியேறியிருந்த துகோபோர் சமயத்தார் நிலத்தைக் கூட்டாக உழுது, அரசு குடியமர்த்திய ஏனையோர் தோற்ற இடத்தில் செழித்திருந்தனர். சில்கா, அமூர் ஆறுகளின் வழியே உணவுப் பொருள் ஏற்றிய பெரும்படகுகளை நடத்திச்செல்லும் பொறுப்பும் அவருடையதாயிற்று. படகோட்டிகளிற் பலர் தண்டனை பெற்றவர்கள். அவர்களை ஆணையால் நடத்துவதும் கருத்தொற்றுமையால் நடத்துவதும் எவ்வளவு வேறுபட்ட விளைவுகளைத் தரும் என்பது அப்பயணங்களில் விளங்கியது. அணிவகுப்பில் கட்டளை செல்லும். பெருவெள்ளத்தில் படகு தரைதட்டும்போது பலருடைய மனமொத்த உழைப்பே செல்லும். சைபீரியாவை விட்டுப் புறப்படும்போது அரசின் ஒழுங்கில் தாம் முன்னர் வைத்திருந்த நம்பிக்கை அழிந்துவிட்டது எனவும், அரசின்மையராவதற்குத் தாம் அணியமாகியிருந்தார் எனவும் அவர் பின்னாளில் மதிப்பிட்டுள்ளார்.

புவியியலில் அவர் பெற்ற பெயரும் இக்காலத்தினதே. 1864இல் வணிகர் வேடத்தில் மஞ்சூரியாவின் ஊடாகச் சென்று பெருங்கிங்கான் மலைத்தொடரைக் கடந்தார். 1866இல் ஒலேக்மா, வித்திம் ஆறுகளின் பகுதியை ஆய்ந்து, லேனாவின் பொற்சுரங்கங்களிலிருந்து சித்தாவுக்கு வழி கண்டார். ஆசியாவின் பெருமலைகள் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகின்றன என்ற அவர் முடிவு நிலப்படங்களையே திருத்தியது. அறிவியலுக்குத் தாம் அளித்த தலையாய கொடை அதுவே என அவர் கருதினார்.

1866இல் பைக்கால் ஏரிக்கரைச் சாலைப் பணியிலிருந்த போலந்துக் கைதிகள் கிளர்ந்தெழுந்தனர், தலைவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். அடக்கச் செல்லும் படையில் தாமும் ஒருவராக நேரிடலாம் என்பதை உணர்ந்த உடன்பிறந்தார் இருவரும் படைத்துறையை விட்டு விலகினர்.

கடிகாரத் தொழிலாளர் காட்டிய வழி

அடுத்த சில ஆண்டுகள் தலைநகரில் பல்கலைக்கழகக் கல்வியிலும் புவியியற் கழகப் பணியிலும் கழிந்தன. 1871இல் பின்லாந்தின் பனியூழிப் படிவுகளை ஆய்ந்துகொண்டிருந்தபோது, கழகத்தின் செயலர் பதவியை ஏற்குமாறு தந்தி வந்தது. ஓர் ஆய்வாளர்க்கு அதனினும் பெரிய வாய்ப்பு அரிது. குரோபோட்கின் மறுத்தார். வண்டலையும் பாறையையும் பற்றி உழவர்க்குக் கற்பிப்பதில் பயன் என்ன, அவர்க்கு நிலமும் இல்லை, கற்கும் ஓய்வும் இல்லை என்ற எண்ணம் அவரை வாட்டியது. சுற்றிலும் துன்பம் சூழ்ந்திருக்க உயர்ந்த அறிவின்பத்தைத் தாம்மட்டும் துய்ப்பது பிறர் வாயிலிருந்து உணவைப் பறிப்பதாகும் என்பது அவர் கண்ட முடிவு.

1872இல் சுவிட்சர்லாந்து சென்றார். முதலாம் அகிலம் மார்க்சின் சார்பினர், பக்கூனினின் சார்பினர் எனப் பிளவுபட்டு நின்ற ஆண்டு அது. ஜெனீவாவில் முதலில் அவர் சேர்ந்தது மார்க்சியச் சார்புடைய பிரிவே. தொழிலாளர்களின் ஆர்வம் அவரைக் கவர்ந்தது. ஆனால் கட்டடத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ய முனைந்தபோது, தேர்தலில் நின்ற வழக்கறிஞர் ஒருவரின் வெற்றிக்கு ஊறு நேரும் என்று தலைவர்கள் அதனைத் தடுக்க முயல்வதை அவர் கண்டார். கூட்டத்தில் பேசியது ஒன்று, அறைக்குள் முடிவானது மற்றொன்று. அங்கிருந்து ஜூரா மலைப்பகுதிக்குச் சென்றார்.

ஜூராவின் கடிகாரத் தொழிலாளர்கள் பெரும்பாலும் வீட்டிலோ சிறு பட்டறையிலோ இருந்து உழைத்தவர்கள். பேசிக்கொண்டே பணியாற்ற அத்தொழில் இடமளித்தது. தலைவர்க்கும் உறுப்பினர்க்கும் இடையே ஏற்றத்தாழ்வு குறைவு. கருத்து உரைக்கவும் மறுக்கவும் எவரும் தயங்கவில்லை. ஏறத்தாழ ஒரு வாரம் அவர்களுடன் இருந்து திரும்பியபோது தாம் அரசின்மையர் என்பதில் அவர்க்கு ஐயம் எஞ்சவில்லை. பக்கூனினை அவர் ஒருமுறையும் சந்திக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அரசின்மையின் ஆசானிடமிருந்தன்று, கைத்தொழிலாளரிடமிருந்தே அவர் அக்கொள்கையைப் பெற்றார். எனினும் சிறுபட்டறைச் சூழலில் கண்ட சமத்துவத்தைப் பேராலைத் தொழிலுக்கும் அப்படியே பொருத்தலாம் என அவர் எளிதில் நம்பிவிட்டாரோ என்னும் வினாவையும் இங்கேயே எழுப்பலாம்.

சிறையும் தப்பிச்செல்லலும்

ரஷ்யா திரும்பியவர் சைக்கோவ்ஸ்கி வட்டம் எனப்பட்ட இளைஞர் குழுவில் இணைந்து, உழவர் உடையில் போரோதின் என்னும் பெயரில் நெசவாளர்க்குப் பாடம் நடத்தினார். 1874இல் பனியூழி பற்றிய தம் ஆய்வைப் புவியியற் கழகத்தில் அளித்தபின் சிலநாட்களுக்குள் கைதாகிப் பீட்டர்-பால் கோட்டையில் அடைக்கப்பட்டார். ஆய்வறிக்கையை முடிக்கும்பொருட்டு, கதிரவன் மறையும்வரை மட்டும் பேனாவும் தாளும் வழங்க இசைவு கிடைத்தது. உடல்நலிந்து 1876இல் படைத்துறை மருத்துவமனைக்கு மாற்றப்பட்டபோது, கடிகாரம் ஒன்றனுள் மறைத்து அனுப்பப்பட்ட திட்டத்தின்படி, அண்டை வீட்டிலிருந்து எழுந்த வயலின் இசையைக் குறிப்பாகக் கொண்டு ஓடித் தப்பினார். காவலர் நகரெங்கும் தேடிய அம்மாலையில் நண்பர்களுடன் தலைநகரின் பெயர்பெற்ற உணவகம் ஒன்றில் அமர்ந்து உணவுண்டார். அங்கு மட்டும் எவரும் தேடமாட்டார் என்பது கணிப்பு.

இங்கிலாந்தில் வேறு பெயரில் வாழ்ந்துகொண்டு, நேச்சர் அறிவியல் இதழுக்குக் குறிப்புகள் எழுதிப் பிழைத்தார். ஒருநாள் மதிப்புரைக்கென இதழாசிரியர் எடுத்துக்கொடுத்த ரஷ்ய நூல்கள் அவர் எழுதியவையே. தம் நூலைத் தாமே மதிப்பிடல் நேர்மையன்று என்று கருதி, தாம் யார் என்பதை அவரிடம் சொல்லிவிட்டார்.

1877இல் மீண்டும் சுவிட்சர்லாந்து. 1879இல் ஜெனீவாவில் லெ ரெவோல்தே என்னும் இதழ். புவியியல் அறிஞர் எலிசே ரெக்லு உற்ற துணையானார். பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்ட 1881இல் அந்நாட்டினின்றும் வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு இறுதியில் பிரான்சில் கைதாகி, 1883 ஜனவரியில் லியோனில் நடந்த வழக்கில், தடைசெய்யப்பட்ட அகிலத்தைச் சார்ந்தவர் என்னும் குற்றச்சாட்டின்மேல் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அறிஞர் பலரின் வேண்டுகோளுக்குப் பின் 1886 தொடக்கத்தில் விடுதலையாகி இங்கிலாந்தில் குடியேறினார். அவ்வாண்டிலேயே சைபீரியாவில் நாடுகடத்தப்பட்டிருந்த தமையன் அலெக்சாந்தர் தம் உயிரைப் போக்கிக்கொண்டார்.

கூலிமுறையும் ரொட்டியும்

1880இல் லா ஷோ-தெ-ஃபோன் நகரில் கூடிய ஜூராக் கூட்டமைப்பின் மாநாட்டில், அரசின்மைப் பொதுவுடைமையைக் கொள்கையாக ஏற்கச் செய்தவர்களுள் குரோபோட்கின் முதன்மையானவர். அதுவரை பக்கூனின் வழியினர், உற்பத்திக் கருவிகள் பொதுவாதல் வேண்டும், விளைபொருளோ அவரவர் உழைப்புக்கேற்பப் பகிரப்பட வேண்டும் எனக் கருதினர். உழைப்பை அளந்து கூலி தரும்வரை முதலாளித்துவத்தின் வேர் அறவில்லை என்பது குரோபோட்கினின் மறுப்பு. இதன் விரிவை 1892இல் பிரெஞ்சில் வெளிவந்த ரொட்டியை வென்றடைதல் பற்றிய நூலில் காணலாம்.

அவர் காட்டும் நிலக்கரிச் சுரங்கச் சான்று வலுவானது. சுரங்கத்துள் ஆட்களை ஏற்றியிறக்கும் கூண்டை இயக்குபவர் ஒரு நொடி கவனம் தவறினால் உயிர்கள் போகும். அடியில் கரியை வெட்டுபவர் உயிரைப் பணயம் வைக்கிறார். சுரங்கத்தை வகுத்த பொறியாளர், இருப்புப்பாதை அமைத்தோர், இவர்களுக்கு உணவு விளைத்த உழவர் ஆகிய எல்லாருடைய பங்கும் ஒரு கூடைக் கரியில் உண்டு. இவற்றைத் தனித்தனியே அளந்து இவருக்கு இவ்வளவு என விலையிட எந்தத் தராசும் இல்லை. பாரிசில் ஒரு வீட்டின் மதிப்பும் அதனைக் கட்டிய கொத்தரின் உழைப்பால் மட்டும் வந்ததன்று. தலைமுறை தலைமுறையாக அந்நகரை நகராக்கியவர் அனைவராலும் வந்தது. அங்ஙனமாயின் விளைவு அனைவர்க்கும் உரியது; பகிர்வின் அளவுகோல் தேவை ஒன்றே.

இதற்கான கூறுகள் நடப்புச் சமுதாயத்திலேயே முளைவிட்டிருப்பதாக அவர் கண்டார். பாலத்துக்கும் சாலைக்கும் சுங்கம் நீங்கிவருகிறது. நூலகம் வருவோரின் தகுதியை உசாவுவதில்லை. நகரக் குழாயில் நீர் தட்டுப்பாடின்றி உள்ளவரை எவரும் அளந்து தருவதில்லை. நீர் குறைந்தால் பங்கிடுவர். அப்போதும் முதற்பங்கு குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் உரியதாகும். மிகுதியானதை அளவின்றி எடுத்தலும் அருகியதைப் பங்கிட்டுக் கொள்ளலும் மக்கள் இயல்பாகவே கைக்கொள்ளும் அறம் என்பது அவர் துணிபு. புரட்சி எழுந்த முதல் நாளிலேயே உணவும் உறையுளும் உடையும் அனைவர்க்கும் உறுதியாக வேண்டும் என்று வற்புறுத்தியதும் இதனாலேயே. பிரான்சின் புரட்சிகளில் தலைவர்கள் சட்டமன்றத்தில் ஆட்சிவடிவம் பற்றி வாதிட்டபோது மக்கள் பசித்திருந்தனர். பசித்தவர் புரட்சியைக் கைவிட்டனர் என்று அவர் கணித்தார். 1909இல் வெளிவந்த பெரும் பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றிலும் உழவர் எழுச்சிகளுக்கும் பாரிசு நகரப் பகுதிக் கழகங்களுக்கும் அவர் முதன்மை தந்தார்.

அதிகாரம் பற்றிய வாதம் இதனோடு பின்னியது. 1872இல் எங்கெல்சு எழுதிய அதிகாரம் பற்றிய சிறு கட்டுரை அரசின்மையரை நோக்கி ஒரு கடுவினாவை எழுப்பியிருந்தது. ஆலையும் இருப்புப்பாதையும் நடுக்கடலில் கப்பலும் ஒருவர் சொல்லுக்குப் பலர் கீழ்ப்படியாமல் இயங்குமோ, ஒரு பகுதியினர் தம் விருப்பத்தைப் படைக்கலத்தால் மற்றவர்மேல் சுமத்தும் புரட்சியைவிட அதிகாரம் மிக்க செயல் ஏது என்பது அதன் சாரம். குரோபோட்கினின் எழுத்துகள் முதற்பகுதிக்கு விடை தருகின்றன. ஐரோப்பாவின் இருப்புப்பாதைகள் பல நாட்டு நிறுவனங்களுக்கு உரியவை. அவற்றுக்கு மேல் ஒரு நடுவண் ஆட்சி இல்லை. ஆயினும் உடன்பாடுகளின் வழியே ஒரு நாட்டு வண்டி மறுநாட்டுப் பாதையில் ஓடுகிறது. இங்கிலாந்தின் உயிர்காப்புப் படகுச் சங்கம் தன்னார்வலரால் இயங்குகிறது. ஒருங்கிணைப்பு வேறு, ஆட்சி வேறு என்பது இதனால் பெறப்படும்.

இவ்விடை முழுமையானதன்று. நிறுவனங்களுக்கு இடையில் நிலவிய உடன்பாட்டை அவர் காட்டினாரேயன்றி, ஒவ்வொரு நிறுவனத்திற்குள்ளும் தொழிலாளர்மேல் நிலவிய கடும் ஒழுங்கைக் காட்டவில்லை. வினாவின் இரண்டாம் பகுதியோ, அதாவது படைதிரட்டி வரும் எதிர்ப்புரட்சியை அதிகாரமின்றி எங்ஙனம் தடுப்பது என்பது, அவர் நூல்களில் மெலிதாகவே தொடப்பட்டுள்ளது. மக்கள் முயற்சியின் ஊற்று வற்றாதவரை புரட்சி தன்னைக் காத்துக்கொள்ளும் என்னும் நம்பிக்கையே அங்கு வாதத்தின் இடத்தை நிரப்புகிறது.

அந்நம்பிக்கைக்கு இயற்கையில் சான்று தேடிய நூலே 1902இல் வெளிவந்த ஒருவர்க்கொருவர் உதவி. உயிர்களின் வாழ்க்கையை இடையறாப் போராகச் சித்திரித்து ஹக்ஸ்லி 1888இல் எழுதிய கட்டுரைக்கு மறுப்பாக 1890 முதல் எழுதப்பட்ட தொடரின் தொகுப்பு அது. சைபீரியப் பனிவெளியில் அவர் தேடியும் காணாதது ஒரே இன உயிர்களுக்குள் நடக்கும் கடும்போர். அவர் கண்டது குளிருக்கும் பசிக்கும் எதிரே கூட்டமாய் நின்ற உயிர்கள். போட்டியை அவர் மறுக்கவில்லை. அதனை மட்டுமே இயற்கை விதியாக்கி முதலாளித்துவத்துக்கு அறிவியற் போர்வை தருவதை மறுத்தார்.

1914

முதல் உலகப்போர் மூண்டபோது குரோபோட்கின் பிரான்சு, இங்கிலாந்து தரப்பை ஆதரித்தார். ஜெர்மானியப் பேரரசின் வெற்றி ஐரோப்பிய விடுதலை இயக்கங்களை ஒரு தலைமுறைக்கு நசுக்கிவிடும் என்பது அவர் அச்சம். 1916இல் வெளியான பதினாறுபேர் அறிக்கையிலும் கையொப்பமிட்டார். நெடுநாள் தோழர் மலத்தெஸ்தா உள்ளிட்ட பெரும்பாலான அரசின்மையர் அவரைவிட்டுப் பிரிந்தனர். வாழ்நாளெல்லாம் அரசுகளை மறுத்தவர் அரசுகளுள் ஒன்றைத் தேர்ந்துகொண்டதை அன்பர்களாலும் விளக்க இயலவில்லை. பிரெஞ்சுப் புரட்சியின் நாடு என்ற பற்று, பிரெஞ்சு அரசையும் பிரெஞ்சு மக்களையும் பிரித்தறியும் கண்ணை மறைத்தது எனலாம். மேலே சுட்டிய இடைவெளியும் இங்கு வெளிப்பட்டது: படையெடுப்பை எதிர்கொள்ளத் தம் கோட்பாட்டிலிருந்து வழி காணாதபோது, இருக்கும் அரசின் படையே அவருக்குக் கண்ணில்பட்டது.

திமித்ரோவ்

1917இல் நாற்பதாண்டுக்கால அயல்வாழ்வு முடிந்து பெத்ரோகிராது வந்தார். கெரென்ஸ்கி அமைச்சர் பதவியும் ஓய்வூதியமும் தர முன்வந்தார். இரண்டையும் மறுத்தார். போரைத் தொடர வேண்டும் என்ற நிலைப்பாட்டால், வீரர்களும் உழவர்களும் அமைதியை வேண்டிய அவ்வேளையில் அவர் குரல் தனித்தது. அக்டோபரில் போல்ஷெவிக்குகள் அதிகாரத்தைக் கைப்பற்றினர். 1918இல் மாஸ்கோவுக்கு வடக்கேயுள்ள திமித்ரோவ் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். குளிரும் உணவுக்குறையும் நிலவிய அவ்வீட்டில் அறவியல் நூலொன்றை எழுதத் தொடங்கினார். உள்ளூர்க் கூட்டுறவாளர் கூட்டங்களிலும் ஊர் அருங்காட்சியகப் பணியிலும் பங்குகொண்டார்.

1919 மே மாதம் மாஸ்கோவில் லெனினைச் சந்தித்தார். பிரெஞ்சுப் புரட்சி பற்றிய குரோபோட்கினின் நூலை லெனின் மிக மதித்தார். அதனைப் பெரும்பதிப்பாக அச்சிட்டு நூலகந்தோறும் சேர்க்க விரும்பினார். அரசு அச்சகம் வேண்டாம், கூட்டுறவுப் பதிப்பகமாயின் இசைவேன் என்பது நூலாசிரியர் நிலை. பேச்சின் பெரும்பகுதி கூட்டுறவுச் சங்கங்களை உள்ளூர் அலுவலர் நெருக்குவது பற்றியது. லெனினுக்கோ உள்நாட்டுப் போரின் நடுவே அது சிறுபொருளாகத் தோன்றியது. மக்கட்போராட்டம் ஒன்றே வழி, கூட்டுறவெல்லாம் பிள்ளைவிளையாட்டு என்னும் கருத்துப்பட அவர் மறுமொழி பகர்ந்தார். அரசும் புரட்சியும் என்னும் நூலில் அரசு உதிர்தலை இலக்காக ஒப்புக்கொண்டவர் லெனின். அந்த இலக்கிற்கு வேண்டிய பழக்கம் இச்சிறு சங்கங்களில்தான் வளரும் என்றவர் குரோபோட்கின். வழி பற்றிய அரை நூற்றாண்டு வழக்கு ஓர் அறைக்குள் வந்து நின்றது.

1920 மார்ச்சில் லெனினுக்கு எழுதிய மடல், திமித்ரோவின் அஞ்சல், தந்தி ஊழியர்களின் பட்டினியிலிருந்து தொடங்குகிறது. பெயரில் சோவியத்துக் குடியரசு, நடப்பில் கட்சிக் குழுக்களின் ஆட்சி என்றும், ஊர்தோறும் உள்ள உழவர், தொழிலாளர் ஆற்றலின்றிப் புதுவாழ்வைக் கட்ட இயலாது என்றும், இந்நிலை நீடித்தால் சமதர்மம் என்னும் சொல்லே வசைச்சொல்லாகிவிடும் என்றும் அதில் அவர் எச்சரித்தார். டிசம்பரில் எழுதிய மடல் பிணைக்கைதிகள் பற்றியது. எதிரிகள் தாக்கினால் சிறையிலுள்ள எதிர்க்கட்சியினர் பிணையாவர் என்ற அறிவிப்பைக் கண்டித்து, இடைக்காலக் கொடுமைக்குத் திரும்பும் இச்செயல் பொதுவுடைமையின் பெயரால் நடக்கலாமா என வினவினார்.

ஆயினும் அவர் எதிர்ப்புரட்சியின் பக்கம் சாயவில்லை. 1920 கோடையில் பிரிட்டிஷ் தொழிற்கட்சித் தூதுக்குழு வழியே மேலைத் தொழிலாளர்க்கு விடுத்த செய்தியில், ரஷ்யாமீது அயல்நாடுகள் நடத்தும் ஆயுதத் தலையீட்டை நிறுத்தச் செய்யுமாறு முதற்கண் வேண்டினார். தலையீடு ஒவ்வொன்றும் சர்வாதிகாரப் போக்கை வலுப்படுத்தவே உதவுகிறது என்பது அவர் கணிப்பு. நடுவண் அரசின் ஆணையால் பொதுவுடைமை எவ்வாறு வராது என்பதை ரஷ்யா உலகுக்குக் கற்பிக்கிறது என அவர் அதே செய்தியில் உரைத்ததும் கருதத்தக்கது. மேலே சுட்டிய இடைவெளிக்கு முழு விடை இங்கும் இல்லை. ஆனால் 1914இன் வழுவிலிருந்து அவர் வெகுதொலைவு வந்துவிட்டார்: இருபுறப் படைகளும் மக்கள் முயற்சியை நசுக்குவதை இம்முறை அவர் ஒருங்கே கண்டார்.

1921 பிப்ரவரி 8 அன்று நுரையீரல் அழற்சியால் திமித்ரோவில் மறைந்தார். அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யும் ஏற்பாட்டைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. அரசின்மையர் குழு ஒன்றே இறுதிச்சடங்கை நடத்தியது. சிறையிலிருந்த அரசின்மையரை ஒருநாள் விடுவிக்குமாறு கோரிக்கை எழுந்தது. நெடிய இழுபறிக்குப் பின் எழுவர், திரும்பி வருவதாக உறுதி தந்து வெளிவந்தனர். பிப்ரவரி 13 அன்று பல்லாயிரவர் கருங்கொடிகளுடன் நடந்தனர். ஊர்வலம் புத்தீர்க்கி சிறையைக் கடந்தபோது உள்ளிருந்தோர் கம்பிகளினூடே கையசைத்தனர். நோவோதேவிச்சி இடுகாட்டில் அடக்கம் முடிந்ததும் எழுவரும் சிறைக்குத் திரும்பினர். அடுத்த மாதம் குரோன்ஸ்தாத் மாலுமிகளின் எழுச்சி படைகொண்டு அடக்கப்பட்டது.

அவர் பிறந்த வீட்டில் மனைவி சோஃபியா ஓர் அருங்காட்சியகத்தை நடத்திவந்தார். பின்னர் அது மூடப்பட்டது. மாஸ்கோவின் சுரங்க இரயில் நிலையங்களுள் ஒன்று, கட்டி முடியாமலே போன சோவியத்துகளின் அரண்மனையின் பெயரைத் தாங்கி 1935இல் திறக்கப்பட்டது. 1957இல் அதற்குக் குரோபோட்கின் பெயர் சூட்டப்பட்டது; இன்றும் அப்பெயரே வழங்குகிறது.